எழுத்து ஒதுக்கப்படாதது

தேவகோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு
எதிர்வரிசையில் மூன்றாவது கடை.
டோக்கன் பதினொன்றரைக்கு.
மணி பத்து இருபது.

வயிரவன் சாவிக்கொத்திலிருந்து கழற்றித் தந்த
பென் டிரைவைச் செருகினேன்.
டொடிங் என்றது கம்ப்யூட்டர்.
அவ்வளவுதான்.
வாங்க என்று சொல்லிவிட்டு
உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்ட மாதிரி.

எடுத்து மறுபடி.
பக்கத்துத் துளையில்.
மேசைக்கடியில் தவழ்ந்து பின்பக்கத் துளையில்.
வயிரவன் வாங்கி ஊதினார்.
கேசட் காலத்து வைத்தியம் என்று நான் சொல்லவில்லை.
வேட்டி நுனியில் துடைத்துத் தந்தார்.
டொடிங்.

உள்ளே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்.
ஒரு வீடு, முப்பத்தொரு பங்கு.
மேல வளவு, கீழ வளவு, கார் ஷெட்,
கிணற்றில் தொண்ணூற்றாறில் ஐந்து,
விற்றால் மட்டும் பங்கு, இறைத்தால் இல்லை என்று
ஒரு தனி வாக்கியம்.
நாலு மாதம் வாட்ஸ்அப்பில் வெட்டிக்கொண்டு
போன ஞாயிறு ராத்திரிதான்
எல்லோரும் சரி என்ற வாசகம்.
மெயிலில் இருப்பது சண்டைக்கு முந்தியது.

வெளியே வேனில் ஒன்பது பேர்
ஏசியைப் போட்டுக்கொண்டு
ஆளுக்கொரு ஜன்னல் பார்க்கிறார்கள்.
தேனம்மை மட்டும் இறங்கி வந்து நிற்கிறாள்,
ஈப்போவில் பல் டாக்டர்,
நாளை ராத்திரி திருச்சியில் விமானம்.

"செத்துப்போச்சா மேரி?"
பத்திரம் எழுதும் முத்துராக்கு அண்ணன்.
என் பெயர் சகாயமேரி.
முன்பாதியை யாரும் கூப்பிடுவதில்லை.

தொட்டுப் பார்த்தேன், லேசாகச் சுட்டது.
செத்தது சுடாது.

வேன் டிரைவர் எட்டிப் பார்த்தான்:
ஃபார்மேட் அடிங்கக்கா, எனக்கு அப்படித்தான் சரியாச்சு.
சரியானது டிரைவ்.
பாட்டெல்லாம்?
அது போச்சு.
வயிரவன் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

பக்கத்துக் கடையில் போட்டுப் பார்க்கலாம் என்றால்
ஜபருல்லா வீட்டில் இன்று விசேஷம், பூட்டு.

பிறகுதான் தோன்றியது,
முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.
ஸ்டார்ட்டில் வலது கிளிக்,
டிஸ்க் மேனேஜ்மென்ட்.
பட்டியலின் அடியில் நீலப் பட்டை போட்டு
பதினாலரை ஜிபி. ஹெல்த்தி.
இருக்கிறது.
எழுத்துதான் இல்லை.

சி இருக்கிறது, டி இருக்கிறது, ஈ இருக்கிறது.
எஃப்பை
நேற்று மாட்டிய ஸ்கேனரின் ஃபோல்டர் எடுத்துக்கொண்டது.
இது வந்து பார்த்திருக்கிறது,
வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறு ஆள்.
கேட்கத் தெரியாமல்
முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறது.

கே கொடுத்தேன்.
ஏன் கே என்று கேட்டால் தெரியாது, கை அங்கே போனது.

முப்பத்தொரு பேரும் திரையில் வந்து இறங்கினார்கள்,
தகப்பனார் பெயர், வயது, ஆதார் எண்ணோடு.
அண்ணன் இருமினார்.
வயிரவன் நாற்காலியை இழுத்து
அப்போதுதான் உட்கார்ந்தார்.

தேனம்மை குனிந்து படித்தாள்.
பக்கம் ஏழு. நகம் திரையைத் தொட்டது.
'தேனமை' என்று இருந்தது.
பாஸ்போர்ட்டில் அப்படி இல்லையே என்றாள்.
நாலு மாதம் முப்பத்தொரு பேர் படித்த கோப்பு.
ஒரு ம் போட்டேன்,
மேலே புள்ளி வைத்து.

அச்சடித்து, ரேகை வைத்து, போட்டோ எடுத்து
எல்லாம் முடிய நாலு மணி.
வேன் கிளம்பியது. போகும்போதும்
அதே ஜன்னல்கள்.

டிரைவைக் கழற்றப் போனால்
ஒரு பெட்டி வருகிறது:
சாதனம் இன்னும் பயன்பாட்டில் உள்ளது.
கோப்பை மூடிவிட்டேன்.
பிரிண்டரை அணைத்துவிட்டேன்.
மறுபடி கேட்டேன், மறுபடி அதே பெட்டி.
யார் என்று அது சொல்வதில்லை.

சும்மா பிடுங்கும்மா என்கிறார் அண்ணன்.
வயிரவன் ஒன்றும் சொல்லவில்லை.
சாவிக்கொத்தை விரித்துப் பிடித்தபடி
பக்கத்தில் நிற்கிறார்.